முதல் நிமிடத்து மதிப்பெண்

பிறந்த குழந்தைக்கும் மார்க் உண்டு என்பது பிரசவ அறைக்கு வெளியே இருப்பவர்களில் பலருக்குத் தெரியாது. குழந்தை வெளியே வந்து ஒரு நிமிடம் ஆனதும் ஒரு முறை, ஐந்தாவது நிமிடத்தில் மறுபடியும் ஒரு முறை. இதயத் துடிப்பு, மூச்சு, தசை முறுக்கு, தூண்டினால் முகம் சுளிக்கிறதா என்பது, உடம்பின் நிறம் ஆகிய ஐந்துக்கும் தலா 2, மொத்தம் 10. நியூயார்க்கில் மயக்கவியல் மருத்துவராக இருந்த வர்ஜீனியா அப்கார் 1952-ல் வகுத்த கணக்கு. அவர் பெயரிலேயே அப்கார் ஸ்கோர் என்று உலகம் முழுக்கப் பிரசவ அறைகளில் புழங்குகிறது.

நல்ல கொழுகொழு குழந்தைக்குக்கூட முதல் நிமிடத்தில் பத்துக்குப் பத்து கிடைப்பது அபூர்வம். உள்ளங்கையும் பாதமும் அந்நேரம் நீலம் பாய்ந்தே இருக்கும். அதற்கு ஒரு மார்க் போய்விடும். முதல் நிமிட மதிப்பெண்ணை வைத்து இந்தக் குழந்தை பின்னாளில் எப்படி இருக்கும் என்று கணிக்கக் கூடாது என்பது பாடத்திலேயே இருக்கிறது. ஐந்தாவது நிமிடத்திலும் 7-க்குக் கீழே இருந்தால், ஐந்து நிமிடத்துக்கு ஒரு முறை என இருபதாவது நிமிடம் வரை திரும்பத் திரும்பப் பார்க்க வேண்டும். இதையெல்லாம் நர்சிங் கல்லூரியில் நடத்துகிறோம், தேர்விலும் கேட்கிறோம். முதல் செமஸ்டர் ரிசல்ட் வருகிற அன்று மட்டும் நாங்களே மறந்துவிடுகிறோம்.

இருபத்து சொச்சம் ஆண்டுகள் நர்சிங் டியூட்டராக இருந்தவள் நான். ரிசல்ட் வரப்போகிறது என்பது ஹாஸ்டலுக்கு எப்படியோ முதல் நாளே தெரிந்துவிடும். ரிசல்ட் வருகிற ராத்திரி மெஸ்ஸில் சாம்பார் மிஞ்சும். மாடிப்படியில் கும்பல் கும்பலாகப் பிள்ளைகள் போனை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள். பத்து மணிக்கு மேல் குளியலறையில் குழாயைத் திறந்துவிட்டு ஒருத்தி அழுவாள். தண்ணீர் வீணாகிறது என்று கதவைத் தட்டப்போன வார்டன், குழாய்ச் சத்தத்துக்குள் இருக்கும் இன்னொரு சத்தத்தைக் கேட்டுவிட்டுத் திரும்பி நடந்ததை நான் பார்த்திருக்கிறேன். இன்னொருத்தி வீட்டுக்குப் பேசிக்கொண்டிருப்பாள்: “இன்னும் வரலைம்மா, சர்வர் பிஸி.” ரிசல்ட் வந்து மூன்று மணி நேரம் ஆகியிருக்கும்.

அழுகிறவர்கள் எல்லாரும் ஃபெயில் ஆனவர்கள் என்று நினைத்துவிடக் கூடாது. பள்ளியில் முதல் மாணவியாக இருந்து, தலைமை ஆசிரியர் கையால் சால்வை வாங்கியவளுக்கு இங்கே 54 வந்திருக்கும். தேர்ச்சிக்கு 50 போதும், தாண்டிவிட்டாள். ஆனால் பிறந்ததிலிருந்து தன்னை ‘நல்லாப் படிக்கிற பொண்ணு’ என்றே அறிந்திருந்தவளுக்கு அந்த 54-ஐ எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியாது. அரியர் வைத்தவளுக்காவது ஆறுதல் சொல்ல நாலு பேர் வருவார்கள். இவளிடம் “பாஸ்தானே, அப்புறமென்ன” என்று சொல்லிவிட்டுப் போய்விடுவார்கள்.

இந்தப் பிள்ளைகள் எங்கிருந்து வருகிறார்கள் என்பதையும் பார்க்க வேண்டும். தமிழ்நாட்டில் பி.எஸ்சி. நர்சிங் இடங்கள் பிளஸ் டூ அறிவியல் பாட மதிப்பெண்களை வைத்துக் கலந்தாய்வில் நிரப்பப்படுகின்றன. அந்த வரிசையில் நிற்பவர்களில் நீட் எழுதிக் கிடைக்காமல் வந்தவர்கள் நிறையப் பேர். ‘டாக்டர் ஆகாவிட்டால் நர்ஸ்’ என்று வீட்டில் யாரோ ஒருவர் சொன்ன சொல்லைப் பெட்டியில் வைத்துக்கொண்டுதான் அப்படிப்பட்ட ஒருத்தி ஹாஸ்டலுக்கு வருகிறாள். ஒரு ஏமாற்றத்தின் மேல் இன்னொன்று உட்காரும்போது கனம் இரட்டிப்பதில்லை, பத்து மடங்காகிறது. ‘இதுகூட வரலையா உனக்கு’ என்று அவளை அவளே கேட்டுக்கொள்கிறாள். நர்சிங்கை ‘இதுகூட’ என்ற சொல்லுக்குள் அடக்கிவைத்தது அவளல்ல. நாம்தான்.

அடுத்தது மொழி. தமிழ்வழியில் படித்தவள் காறை எலும்பை அறிவாள், மண்ணீரலை அறிவாள், கணையம் என்ன சுரக்கிறது என்று தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வாள். கல்லூரி வந்த முதல் வாரத்திலேயே அவையெல்லாம் கிளாவிக்கிள், ஸ்ப்ளீன், பேன்கிரியாஸ் ஆகிவிடுகின்றன. ஊரில் நன்றாகப் பழகியவர்கள் எல்லாரும் ஒரே நாளில் பெயரை மாற்றிக்கொண்டு வந்து நின்றால் எப்படி இருக்கும்? இந்திய நர்சிங் கவுன்சில் 2021-ல் திருத்திய பாடத்திட்டத்தில் படிப்பு எட்டு செமஸ்டர்களாகிவிட்டது. முதல் செமஸ்டரிலேயே உடற்கூறியல், உடலியங்கியல், சமூகவியல், உளவியல், நர்சிங் அடிப்படைகள் எல்லாம் வந்து நிற்கின்றன. பெயர் மாறிய எலும்புகளோடு பழகி முடிப்பதற்குள் தேர்வு வந்துவிடுகிறது. முதல் செமஸ்டரில் சறுக்குகிற பலருடைய விடைத்தாளைத் திருத்தியிருக்கிறேன். படம் சரியாக இருக்கும், அம்புக்குறி சரியான இடத்தில் நிற்கும், பெயர் மட்டும் எழுத்துப் பிழையோடு தடுமாறும். அவளுக்கு இதயம் தெரியும், ‘ஆரிக்கிள்’ என்று எழுதுவதில்தான் சிக்கல்.

இப்படிச் சொல்வதால் மார்க்கே முக்கியமில்லை என்று நான் சொல்லவருவதாக யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம். அந்த ஆறுதல் எனக்குப் பிடிக்காது. மற்றப் படிப்புகளில் அது செல்லுமோ என்னவோ, நர்சிங்கில் செல்லாது. ஆயிரம் மில்லி சலைன் எட்டு மணி நேரத்தில் இறங்க வேண்டும். செட்டில் மில்லிக்கு 15 சொட்டு. நிமிடத்துக்கு எத்தனை சொட்டு? 31. இந்தக் கணக்கு வராதவளை “பரவாயில்லடா கண்ணு” என்று தட்டிக்கொடுத்து வார்டுக்கு அனுப்ப முடியாது. டிகாக்சின் மாத்திரை 0.25 மில்லிகிராம். புள்ளி ஓரிடம் தள்ளிப்போனால் 2.5. நோட்டில் அது ஒரு மார்க் பிழை. இதய நோயாளியின் உடம்பில் பத்து மடங்கு மருந்து. மருந்தியலில் குறைந்த மார்க் வாங்கியவள் கொஞ்சம் பயப்படத்தான் வேண்டும். எதைப் பார்த்துப் பயப்பட வேண்டும் என்பதில்தான் எனக்கும் மற்றவர்களுக்கும் தகராறு. அவள் பயப்பட வேண்டியது அந்தப் புள்ளியைப் பார்த்து. நாங்களோ எங்களைப் பார்த்துப் பயப்படக் கற்றுக்கொடுத்துவிடுகிறோம்.

என் கதையைச் சொல்கிறேன். நான் மாணவியாக இருந்தபோது பிசியாலஜியில் 46 வாங்கினேன். அந்தக் காலத்தில் பெயரையும் மார்க்கையும் டைப் அடித்து நோட்டீஸ் போர்டில் ஒட்டுவார்கள். ஐம்பதுக்குக் குறைந்தவற்றின் கீழே சிவப்பு மையால் கோடு. போர்டு இருந்தது மெஸ்ஸுக்குப் போகிற வழியில். இரண்டு வாரம் அந்தக் கோட்டைத் தாண்டித்தான் மூன்று வேளையும் சாப்பிடப் போனேன். டியூட்டர் ஒருவர் ஆண்கள் வார்டில், நோயாளிகள் முன்னிலையில், “பிசியாலஜியே வராத நீயெல்லாம் பிபி பார்த்து என்ன ஆகப்போகுது” என்றார். நான் பிபி பார்த்துக்கொண்டிருந்த பெரியவர், பாவம், கையை இழுத்துக்கொள்வதா வேண்டாமா என்று தெரியாமல் விழித்தார். வீட்டுக்கு எழுதிய கடிதத்தில் எல்லாம் பாஸ் என்று எழுதினேன்.

அதே மாதம் ஒரு ராத்திரி டியூட்டியில் பதினாலாம் பெட்டுக்குக் கொடுக்க வேண்டிய மாத்திரையைப் பதினைந்தாம் பெட்டுக்குக் கொடுத்துவிட்டேன். பாராசிட்டமால்தான். அவருக்கு ஒன்றும் ஆகவில்லை. ஆனால் கொடுத்து முடித்த அடுத்த நொடியே எனக்குத் தெரிந்துவிட்டது. தெரிந்தும் யாரிடமும் சொல்லவில்லை. பதினாலாம் பெட்டுக்கு இன்னொரு மாத்திரை எடுத்துக் கொடுத்துவிட்டு, சார்ட்டில் எல்லாம் ஒழுங்காக நடந்ததுபோல எழுதி வைத்தேன். விடியும்வரை பதினைந்தாம் பெட்டை எட்டிப் பார்த்துக்கொண்டே இருந்தேன். 46-ஐ மறைத்த அதே கைதான் இதையும் மறைத்தது. அதற்கு அந்த வேலை ஏற்கெனவே பழகியிருந்தது.

இந்தக் கட்டுரையில் நான் சொல்ல வந்தது இந்த ஒன்றைத்தான். குறைந்த மார்க்கை ஒரு கல்லூரி எப்படிக் கையாள்கிறதோ, அதுதான் அங்கே படிக்கிற பெண்ணுக்கு நோயாளிப் பாதுகாப்பில் கிடைக்கிற முதல் பாடம். தவறினால் அவமானம் என்று கற்றவள் வார்டிலும் தவறை மூடுவாள். தவறை வெளியே சொன்னால் உடனே கூடி உட்கார்ந்து சரிசெய்வார்கள் என்று கற்றவள், மருந்து மாறிய மறுநிமிடம் டியூட்டி டாக்டரைக் கூப்பிடுவாள். அமெரிக்காவில் மருத்துவக் கழகம் 1999-ல் வெளியிட்ட அறிக்கை, அந்நாட்டு மருத்துவமனைகளில் தவிர்த்திருக்கக் கூடிய பிழைகளால் ஆண்டுக்கு 44,000 முதல் 98,000 பேர் வரை இறப்பதாக மதிப்பிட்டது. பிழை செய்தவரைத் தேடிப் பிடித்துத் திட்டுவதால் இது குறையாது, பிழைகள் வெளியே தெரியவரும் ஏற்பாடு வேண்டும் என்பது அதன் வாதம். உலகம் முழுக்க நோயாளிப் பாதுகாப்பு பற்றிய பேச்சையே திருப்பிவிட்ட அறிக்கை அது. எங்கள் வகுப்பறைகளிலும் அதைப் பாடமாகச் சொல்கிறோம். சொல்லிவிட்டு வெளியே வந்து நோட்டீஸ் போர்டில் பட்டியலை ஒட்டுகிறோம். இப்போது போர்டு போய் வாட்ஸ்அப் குரூப் வந்திருக்கிறது. சிவப்புக் கோட்டுக்குப் பதில் சிவப்பு எழுத்து.

நர்சிங்கில் மார்க் போடுவது ஒன்றும் புதிதல்ல. 1860-ல் லண்டன் செயின்ட் தாமஸ் மருத்துவமனையில் நைட்டிங்கேல் பள்ளி தொடங்கியபோதே ஒவ்வொரு பயிற்சிப் பெண்ணுக்கும் மாதந்தோறும் ஒரு தாள் இருந்தது. நேரந்தவறாமை, சத்தமின்றி நடந்துகொள்வது, நம்பகம், சுத்தம், வார்டு நிர்வாகம் என்று ஒரு பக்கம். கட்டுப் போடுவது, எனிமா கொடுப்பது, அட்டை விடுவது என்று மறுபக்கம். ‘மிக நன்று’ முதல் ‘பூஜ்யம்’ வரை தரம். அட்டை விடுவதில் பூஜ்யம் வாங்கிய பெண் அன்று ராத்திரி என்ன செய்தாளோ, வரலாற்றில் இல்லை. ஆனால் அந்தத் தாளில் நம்பகத்துக்குத் தனி மார்க் இருந்தது என்பதை நான் அடிக்கடி நினைத்துக்கொள்வேன். பதினைந்தாம் பெட்டு விஷயத்தில் எனக்கு அதில் பூஜ்யம்தான்.

சரி, இன்று ரிசல்ட் பார்த்துவிட்டு உட்கார்ந்திருக்கும் பெண்ணுக்கு என்ன வழி? முதலில் அழுதுவிடட்டும். ஒரு நாள், இரண்டு நாள். அதற்குள் “அடுத்த தடவை பார்த்துக்கலாம்” என்று அவசரப்படுத்துகிறவர்களை நான் நம்புவதில்லை. அவர்கள் தங்கள் சங்கடத்தைத்தான் தீர்த்துக்கொள்கிறார்கள். அடுத்து, வீட்டுக்கு உண்மையைச் சொல்லிவிட வேண்டும். “சர்வர் பிஸி” என்கிற பொய்யை ஒரு வாரம் சுமப்பது அரியரைச் சுமப்பதைவிடக் கடினம்.

மூன்றாவது நாள் மார்க் ஷீட்டைக் கேஸ் ஷீட் மாதிரி எடுத்துவைத்துப் படிக்க வேண்டும். காய்ச்சல் 102 என்று சார்ட்டில் பார்த்தால் நோயாளியை யாரும் வைவதில்லை. எங்கிருந்து காய்ச்சல் என்றுதான் தேடுகிறோம். போனது இன்டர்னலின் 25-லா, பல்கலைக்கழகத் தேர்வின் 75-லா? தியரியா, பிராக்டிகலா? இரண்டிலும் தனித்தனியே தேற வேண்டும் என்பதால் இந்தக் கேள்வி அவசியம். தெரியாமல் போனதா, தெரிந்ததை இங்கிலீஷில் எழுத வராமல் போனதா, எழுத நேரமில்லாமல் போனதா? மூன்றுக்கும் மருந்து வேறு வேறு. தெரியாததற்குப் புத்தகம். இங்கிலீஷுக்கு, ஒவ்வொரு நாளும் ஒரு படத்தை வரைந்து பெயர் எழுதி, அறைத்தோழிக்குத் தமிழில் விளக்கிச் சொல்லிவிட்டு, அதையே மறுபடி இங்கிலீஷில் ஐந்து வரி எழுதிப் பார்ப்பது. என் மாணவிகளில் இதைச் செய்தவர்கள் தேறினார்கள். விடிய விடியக் கண்விழித்து மனப்பாடம் செய்தவர்கள் அவ்வளவாகத் தேறவில்லை. நேரத்துக்கு, கடிகாரத்தை வைத்துக்கொண்டு பழைய கேள்வித்தாளை எழுதிப் பார்ப்பதைத் தவிர வேறு வழி எனக்குத் தெரியாது.

கூட்டலில் சந்தேகம் இருந்தால் மறுகூட்டலுக்குப் போடலாம், தப்பில்லை. ஆனால் சிலர் அதன் முடிவு வரும்வரை புத்தகத்தைத் தொடாமல் காத்திருக்கிறார்கள். அது கோயிலில் பூக்கட்டிப் போட்டுப் பார்ப்பது போலத்தான். நான்கு ஆண்டுப் படிப்பை அதிகபட்சம் எட்டு ஆண்டுக்குள் முடிக்கலாம் என்று விதியே இடம் கொடுக்கிறது. யாரும் எட்டு ஆண்டு எடுத்துக்கொள்ள வேண்டாம். ஆனால் ஒரு செமஸ்டரோடு கதவு அடைபடுவதில்லை என்பதாவது தெரிந்திருக்கட்டும்.

அமெரிக்காவில் நர்ஸாக உரிமம் பெற எழுதும் என்கிளெக்ஸ் தேர்வைப் பற்றி இங்கே சொல்லத் தோன்றுகிறது. சரியாகப் பதில் சொன்னால் கணினி அடுத்து இன்னும் கடினமான கேள்வியைக் கொடுக்கும். தப்பாகச் சொன்னால் கொஞ்சம் எளிதானது. இப்படி ஏற்றி இறக்கி, எழுதுகிறவருக்குப் பாதிக்குப் பாதி சரியாக வரக்கூடிய இடத்தில் கொண்டுபோய் நிறுத்தும். கெட்டிக்காரிக்கும் சுமாரானவளுக்கும் ஒரே அனுபவம்தான்: பாதி தெரியவில்லையே என்ற கவலையோடு வெளியே வருவது. குறைந்தது 85 கேள்வி, அதிகம் 150. கடைசியில் மார்க் கிடையாது, தேர்ச்சி உண்டா இல்லையா என்பது மட்டும். தவறினால் 45 நாள் கழித்து மறுபடி எழுதலாம். தனக்குப் பாதிதான் தெரியும் என்ற நினைப்போடு ஒரு நர்ஸ் வேலைக்குப் போவது நோயாளிக்கு நல்லது என்றுதான் எனக்குப் படுகிறது.

கல்லூரிகளுக்கு நான் வைக்கும் கோரிக்கைகள் பெரியவை அல்ல. பட்டியலை ஒட்டாதீர்கள், குரூப்பில் போடாதீர்கள். மார்க்கை அவளிடம் தனியாகச் சொல்லுங்கள். நைட் டியூட்டி முடித்து வந்த காலையில் இன்டர்னல் தேர்வு வைக்காதீர்கள். தூங்காத நர்ஸ் மருந்து கலக்கக் கூடாது என்று சொல்லிக்கொடுப்பது நாம்தானே? தமிழ்வழிப் பிள்ளைகளுக்கு முதல் இரண்டு மாதம் உறுப்புகளின் பெயரை இரண்டு மொழியிலும் கரும்பலகையில் எழுதுங்கள். இதற்குச் செலவு ஒரு சாக்பீஸ். இன்டர்னல் தாளைத் திருத்திக் கையில் கொடுத்து, எங்கே போனது என்று பத்து நிமிடம் உட்கார்ந்து பேசுங்கள். வார்டில் நோயாளிக்கு முன்னால் திட்டவே திட்டாதீர்கள். மூச்சுவிடாத குழந்தைக்கு ஸ்கோர் போடும்வரை எந்த லேபர் ரூமிலும் யாரும் கையைக் கட்டிக்கொண்டு நிற்பதில்லை. செமஸ்டர் ரிசல்ட் வந்த பிறகுதான் ஒருத்தி தடுமாறுகிறாள் என்பதே தெரிகிறது என்றால், அந்த ஆறு மாதமும் டியூட்டர்கள் நாங்கள் எங்கே இருந்தோம்?

பெற்றோரிடம் ஒன்றே ஒன்று. “எவ்வளவு செலவு பண்ணிப் படிக்க வைக்கிறோம்” என்பது அவளுக்குத் தெரியாத செய்தி அல்ல. அப்பா யாரிடம் கடன் வாங்கினார், வட்டி எவ்வளவு என்பதுவரை அவளுக்குத் தெரியும். அன்றைக்குப் போனில் “சாப்பிட்டியா” என்று கேட்டால் போதும். சாப்பிட்டிருக்க மாட்டாள்.

அழுகை நாள்கணக்கில் நீண்டு, சாப்பாடும் தூக்கமும் போய், ‘இருந்து என்ன பிரயோஜனம்’ என்ற பேச்சு வாயில் வந்தால், அது மார்க் பிரச்சினை அல்ல. அவளைத் தனியே விடக் கூடாது. கூட இருக்கும் பெண்கள் அதை ரகசியமாக வைத்துக்கொள்ளவும் கூடாது. வார்டனையோ டியூட்டரையோ அந்த ராத்திரியே எழுப்ப வேண்டும். டெலி மானஸ் உதவி எண் 14416. எந்நேரமும் அழைக்கலாம், தமிழிலேயே பேசலாம். மனநல நர்சிங் என்று ஒரு பாடத்தையே படிக்கிற இடத்தில் இந்த எண்ணைச் சுவரில் எழுதிப்போட யாரும் வெட்கப்பட வேண்டியதில்லை.

ஓய்வு பெறுவதற்கு முந்தைய ஆண்டு, லேபர் ரூம் போஸ்டிங்குக்கு ஒரு மாணவி என்னோடு வந்தாள். முதல் செமஸ்டரில் அனாட்டமி போய், மறுமுறை எழுதித் தேறியவள். அன்று பிறந்தது ஆண் குழந்தை. வெளியே வரும்போதே துவண்டுபோய்க் கிடந்தது. துடைத்து, முதுகைத் தேய்த்து, மாஸ்க் வைத்துக் காற்றுக் கொடுத்தார்கள். முதல் நிமிடத்தில் 4. ஐந்தாவது நிமிடத்தில் வீறிட்டு அழுதது, 9. கை கால் மட்டும் இன்னும் நீலம். அந்தப் பெண்தான் கேஸ் ஷீட் எழுதிக்கொண்டிருந்தாள். எழுதிவிட்டு என்னைப் பார்த்தாள்.

“மேம், குழந்தைதான் நல்லாயிருச்சே. இந்த நாலை எழுத வேணாமா?”

“எழுதும்மா,” என்றேன். “ரெண்டையும் எழுது. நேரத்தையும் பக்கத்துல போடு.”

எழுதினாள். குழந்தையின் பாட்டி வெளியே நின்று கதவைத் தட்டிக்கொண்டிருந்தார்.